மாவ்தாய் புட்டியும் எட்டு அம்ச விதியும்: சீனாவின் ஊழல் ஒழிப்பு மதுத் தொழிலை என்ன செய்தது?

2013ஆம் ஆண்டு சீனப் பத்திரிகைகளில் ஒரே மாதிரியான செய்தி பல ஊர்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதிகாரிகளுக்கு விருந்து நடக்கும் தனி அறைகளில், மேசைமேல் மினரல் வாட்டர் பாட்டில்கள் மட்டும் இருக்கும். அவற்றுள் இருந்தது மாவ்தாய். பைஜியு எனப்படும் சீனச் சாராயம் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருப்பதால், விருந்துக்கு முன்பே அதை பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றி வைத்துவிடுவார்கள். யாராவது செல்போனில் படம் எடுத்தாலும் மாட்டிக்கொள்ள வாய்ப்பில்லை. நாட்டின் மிக விலையுயர்ந்த மதுவை அதன் முத்திரையை மறைத்துக் குடிக்க வேண்டிய நிலை வந்திருந்தது.

அரசின் ஊழல் ஒழிப்பு நடவடிக்கை தொழில் நிறுவனங்களின் வரவு செலவை எப்படித் தொடுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சீனாவின் மதுத் தொழிலைத்தான். அதிகாரிகளின் விருந்தையும் செலவையும் சுருக்கிய 'எட்டு அம்ச விதி' என்ற ஒரே விதி, ஒரே நாளில், ஒரே தொழிலில் இருந்த எல்லா நிறுவனங்கள் மீதும் விழுந்தது. பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை பங்குச் சந்தையில் இருப்பவை; ஆண்டறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. அடி ஒன்றாக இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை. ஒரு நிறுவனம் ஆண்டு லாபம் குறையாமலேயே கடந்து போனது. இன்னொன்றின் விற்பனை இரண்டே ஆண்டில் கால் பங்குக்கும் கீழே போனது. எதனால் இந்த வேறுபாடு என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

பணம்போலப் புழங்கிய புட்டி

குய்சோ மாகாணத்தில் சிஷுய் ஆற்றங்கரையில் உள்ள மாவ்தாய் என்ற சிற்றூரில்தான் இந்த மது வடிக்கப்படுகிறது. சோளத்தை இரண்டு முறை சேர்த்து, ஒன்பது முறை ஆவியில் வேகவைத்து, எட்டு முறை புளிக்கவிட்டு, ஏழு முறை வடித்தெடுப்பார்கள். இதற்கே ஓராண்டு ஆகும். அதன்பின் ஜாடிகளில் ஆண்டுக்கணக்கில் ஊறவிட்டு, பழைய சரக்குகளோடு கலந்து, ஏறத்தாழ ஐந்தாம் ஆண்டில்தான் புட்டி ஆலையைவிட்டு வெளியேறும். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீஜிங் வந்தபோது சீனப் பிரதமர் சூ என்லாய் அவரோடு கிண்ணம் உயர்த்தியது இந்த மதுவைக் கொண்டுதான். 'தேசிய மது' என்ற பெயரை நிறுவனம் பல காலம் கொண்டாடியது.

குடிப்பதற்கு அப்பால் இந்தப் புட்டிக்கு வேறு குணங்கள் இருந்தன. 53 சதவீத ஆல்கஹால் கொண்ட அரை லிட்டர் 'ஃபெய்தியான்' புட்டியின் விலை நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கெட்டுப்போகாது; வைக்க வைக்க மதிப்பு கூடும். அன்பளிப்பாகக் கொடுத்தால் கொடுத்தவர் எவ்வளவு செலவழித்தார் என்பது வாங்கியவருக்குச் சொல்லாமலே விளங்கும். வாங்கியவருக்குக் குடிக்கும் எண்ணம் இல்லையென்றாலும் கவலையில்லை. 'சிகரெட், மது நல்ல விலைக்கு வாங்கப்படும்' என்று பலகை மாட்டிய சிறு கடைகள் சீன நகரங்களில் சாதாரணம். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் புட்டி ரொக்கமாகிவிடும். அதே புட்டி மறுநாள் இன்னொரு அன்பளிப்புப் பையில் ஏறும்.

2012 தொடக்கத்தில் இந்தப் புட்டியை ஆலை தன் டீலர்களுக்கு 619 யுவானுக்குக் கொடுத்தது. கடையில் அது 2,000 யுவானைத் தாண்டி விற்றது. அன்றைய மதிப்பில் ஒரு யுவான் எட்டு, எட்டரை ரூபாய். 619க்கும் 2,000க்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான் நடக்கிறது. சில்லறை விலை இவ்வளவு உயர்ந்ததற்கு அரசுப் பணத்தில் வாங்கப்பட்ட சரக்கு முக்கியக் காரணம். அரசு, ராணுவத் துறைகளின் நுகர்வு அந்நாளில் தன் விற்பனையில் 30 சதவீதத்துக்கும் மேல் இருந்ததாகவும், பின்னர் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டதாகவும் நிறுவனத் தலைமையே பிற்காலத்தில் சொன்னது. தொழிலதிபர்கள் அதிகாரிகளுக்காக வாங்கியது இந்தக் கணக்கில் வராது என்பதால், உண்மையான பங்கு இதைவிடக் கூடுதல் என்றே நினைக்கிறேன்.

ஓராண்டுக்குள் விழுந்த அடிகள்

முதல் எச்சரிக்கை 2012 மார்ச் மாதம் வந்தது. பிரதமர் வென் ஜியாபாவ், பொதுப்பணத்தில் உயர்விலை மதுவும் சிகரெட்டும் வாங்கக் கூடாது என்றார். சந்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதுபோல எத்தனையோ சுற்றறிக்கைகள் வந்துபோயிருந்தன. மாவ்தாய் நிறுவனமும் செப்டம்பரில் ஆலை விலையை 819 யுவானாக உயர்த்தியது.

நவம்பரில் ஹூனான் மாகாணத்தின் ஜியுகுய் என்ற மதுவில் பிளாஸ்டிக்கை இளக்கப் பயன்படும் ரசாயனம் இருந்தது வெளியே வர, மொத்த மதுத் தொழிலின் பங்குகளும் சரிந்தன. அதே மாதம் ஷி ஜின்பிங் கட்சித் தலைமைக்கு வந்தார். டிசம்பர் 4 அன்று கட்சியின் அரசியல் குழு 'எட்டு அம்ச விதி'யை நிறைவேற்றியது. அதிகாரிகளின் பயணம், வரவேற்பு, கூட்டம், விருந்து எல்லாவற்றையும் சுருக்கச் சொன்ன விதி அது. அந்த மாதத்திலேயே மத்திய ராணுவக் குழு தன் வரவேற்புகளில் மதுவைத் தடை செய்தது. 2013 பிப்ரவரியில், விற்பனை விலையை டீலர்கள்மேல் திணித்ததற்காக மாவ்தாய்க்கு 24.7 கோடி யுவானும் அதன் போட்டி மது நிறுவனமான வூலியாங்யேவுக்கு 20.2 கோடி யுவானும் அபராதம் விதிக்கப்பட்டன. விலை சரியும் நேரத்தில் குறைத்து விற்ற டீலர்களைத் தண்டித்து விலையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தது மாவ்தாய். அந்த வழியும் அத்தோடு அடைபட்டது.

இந்த முறை சுற்றறிக்கை காகிதத்தோடு நிற்கவில்லை. கட்சியின் ஒழுங்கு ஆய்வுக் குழு விதி மீறியவர்களின் பெயர்களைப் பொதுவில் வெளியிட்டது. 2013 செப்டம்பரில், இலையுதிர்காலப் பண்டிகைக்குப் பொதுப்பணத்தில் நிலாப் பணியாரம் வாங்கி அனுப்புவதுகூடத் தடை செய்யப்பட்டது. ஒரு பணியாரப் பெட்டிக்குப் பதவி போகலாம் என்ற நிலையில் மாவ்தாய்ப் பெட்டியை யார் தொடுவார்கள்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சரிவு முழுவதையும் ஊழல் ஒழிப்பின் கணக்கில் எழுதுவது சரியாகாது. பொருளாதார வளர்ச்சி தணிந்துகொண்டிருந்தது. முந்தைய பத்தாண்டு ஏற்றத்தில் ஆலைகள் அளவுக்கு மீறி விரிவாக்கம் செய்திருந்தன. ஜியுகுய்யின் வீழ்ச்சியில் ரசாயனக் கலப்புக்கும் பங்குண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம்: உயர்விலைச் சரக்குகளின் விலை கடைகளில் உடையத் தொடங்கியது எட்டு அம்ச விதிக்குப் பின் வந்த முதல் புத்தாண்டுப் பருவத்தில்தான். அது வழக்கமாக விலை ஏறும் காலம்.

யார் எவ்வளவு இழந்தார்கள்

மாவ்தாயின் விற்பனை வருவாய் 2012இல் சுமார் 2,645 கோடி யுவான். 2013இல் 3,092 கோடி, 2014இல் 3,157 கோடி, 2015இல் 3,266 கோடி. நிகர லாபம் 1,331 கோடியிலிருந்து 1,514, 1,535, 1,550 என்று நகர்ந்தது. வேகம் நின்றுபோனது, கீழே விழவில்லை.

வூலியாங்யே 2012இல் 2,720 கோடி யுவான் விற்று மாவ்தாயைவிடப் பெரிய நிறுவனமாக இருந்தது. 2014இல் அதன் விற்பனை 2,101 கோடி. லாபம் 994 கோடியிலிருந்து 583 கோடியானது. இன்னொரு பெரிய மது நிறுவனமான லூசோ லாவ்ஜியாவ் 1,156 கோடியிலிருந்து 535 கோடிக்கு வந்தது. லாபம் 439 கோடியிலிருந்து 88 கோடியாகச் சுருங்கியது. பிரிட்டனின் டியாஜியோ மது நிறுவனத்தின் கையிலிருந்த ஷுய்ஜிங்ஃபாங்கின் கதை இன்னும் மோசம். 2012இல் 164 கோடி யுவான் விற்றது, 2014இல் 37 கோடிக்கும் கீழே. இரண்டு ஆண்டு தொடர்ந்து நட்டம். லண்டனில் டியாஜியோ தன் கணக்கேட்டில் 26.4 கோடி பவுண்டைத் தள்ளுபடி செய்தது. ஷுய்ஜிங்ஃபாங் ஏறத்தாழ முழுக்க முழுக்க உயர்விலைச் சரக்கை மட்டுமே நம்பியிருந்த நிறுவனம். அதிகாரி விருந்து நின்றபின் அதன் புட்டியைத் தேடி வர வேறு ஆள் இல்லை.

'மாவ்தாய் பெரிய பிராண்டு, அதனால் தப்பியது' என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வூலியாங்யேயும் லூசோ லாவ்ஜியாவும் பெரிய பிராண்டுகள்தாம். லூசோவின் புளிக்கும் குழிகள் 1573ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து பயன்பாட்டில் இருப்பவை, அதன் உயர்விலைச் சரக்கின் பெயரே 'குவோஜியாவ் 1573'. விடை ஆலை விலைக்கும் கடை விலைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இருக்கிறது.

மாவ்தாயின் கடை விலை 2,000த்திலிருந்து சரிந்து 2014, 2015 வாக்கில் மொத்த விற்பனைச் சந்தையில் 850 யுவான் அளவுக்கு வந்தது. ஆலை விலை 819. டீலரின் கொழுத்த லாபம் காணாமல் போனது. ஆனாலும் கைப்பிடித்தம் இல்லை. ஆலையிலிருந்து எடுத்த சரக்கை எடுத்த விலைக்குச் சற்று மேலே விற்றுவிட முடிந்தது. எனவே ஒதுக்கீட்டை விட்டுவிடாமல் தொடர்ந்து எடுத்தார்கள். மொத்தச் சரிவையும் டீலரின் லாபம் தாங்கிக்கொண்டது. ஆலையின் கணக்குவரை அது வரவில்லை.

வூலியாங்யே நேர்மாறாக நடந்துகொண்டது. விதி வந்து இரண்டு மாதம் ஆன 2013 பிப்ரவரியில் ஆலை விலையை 659இலிருந்து 729 யுவானாக உயர்த்தியது. விலையை இறக்கினால் பிராண்டின் மதிப்பு போய்விடும் என்ற பயம். சந்தையில் அதே புட்டி 729க்கும் குறைவாக விலைபோனது. ஒவ்வொரு புட்டிக்கும் டீலர் தன் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. கடைசியில் 2014 மே மாதம் ஆலை விலை 609 ஆக இறக்கப்பட்டது. லூசோ லாவ்ஜியாவின் தவறு இதைவிடப் பெரிது. 2013 ஆகஸ்டில் 'குவோஜியாவ் 1573'இன் ஆலை விலையை 999 ஆக்கினார்கள். ஓராண்டுக்குள் அதை 560க்கு இறக்க வேண்டிவந்தது. அந்த ஓராண்டில் கிடங்குகளில் தேங்கிய சரக்கும், விட்டுவிலகிய டீலர்களும்தாம் அந்த 535 கோடியில் தெரிகிறார்கள்.

முப்பது டன் எடுத்து வாங்கிய உரிமம்

மாவ்தாயின் ஆண்டறிக்கையில் வருவாயும் லாபமும் சொல்லாத கதையை வேறொரு வரி சொல்கிறது. டீலர்கள் சரக்குக்காக முன்கூட்டியே கட்டும் பணம், 'வாடிக்கையாளர் முன்பணம்' என்ற தலைப்பில் பொறுப்புகள் பக்கத்தில் இருக்கும். 2011 முடிவில் அது 703 கோடி யுவான். 2012 முடிவில் 509 கோடி, 2013இல் 305 கோடி, 2014இல் 148 கோடி. லாபம் ஏறிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் முன்பணம் ஐந்தில் ஒரு பங்காகக் கரைந்திருக்கிறது. பழைய சேமிப்பை எடுத்துச் செலவழித்து லாபத்தைச் சமன் செய்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். பங்குச் சந்தை இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2012 ஜூலையில் 260 யுவான் அளவில் இருந்த பங்கு விலை 2014 ஜனவரியில் பாதிக்கும் கீழே போனது.

இன்னொரு வழியும் கையாளப்பட்டது. 2013 நடுவில், புதிதாக டீலர் உரிமம் வேண்டுவோர் 30 டன் சரக்கை ஆலை விலையான 819க்குப் பதிலாக 999 யுவான் வீதம் ஒரே தவணையில் பணம் கட்டி எடுக்க வேண்டும், அடுத்த ஆண்டிலிருந்து 819க்கே கிடைக்கும் என்று நிறுவனம் அறிவித்தது. ஒரு டன்னில் ஏறத்தாழ 2,124 புட்டிகள். முப்பது டன்னுக்கு 6.3 கோடி யுவானுக்கும் மேல். அப்போதைய கடை விலையில் இதில் பெரிய லாபம் ஏதும் இல்லை. வந்தவர்கள் வாங்கியது மதுவை மட்டும் அன்று. நாளை விலை ஏறினால் பயன்படப்போகும் உரிமத்தையும் சேர்த்து வாங்கினார்கள். 2013இன் வருவாய் வளர்ச்சியில் இந்தப் புதிய டீலர்கள் கட்டிய பணத்துக்குக் கணிசமான பங்கு உண்டு.

இந்த ஏற்பாட்டை வணிகத் திறமை என்று பாராட்டி எழுதியவர்கள் உண்டு. நெருக்கடியில் ஒரு நிறுவனம் எடுத்த சாமர்த்தியமான முடிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கேயே இன்னொன்றும் நடந்துவிட்டது. அதுவரை அன்பளிப்பாகக் கைமாறியது புட்டி. இனி மதிப்பு மிகுந்த பொருள், புட்டியை ஆலை விலைக்கு எடுக்கும் உரிமை.

சுற்றிலும் நடந்தது

மதுவோடு சேர்ந்து வேறு தொழில்களும் ஆடின. பீஜிங்கில் அதிகாரி விருந்துகளுக்குப் பெயர்போன சியாங்எச்சிங் உணவகக் குழுமம் 2013இல் 56 கோடி யுவான் நட்டம் காட்டியது. கிளைகளை மூடியது, சுற்றுச்சூழல் தொழிலுக்குள் நுழையப் பார்த்தது, அடுத்த ஆண்டு பெயரையே மாற்றிக்கொண்டு இணையத் தொழில்நுட்ப நிறுவனம் என்றது. 2015 ஏப்ரலில் அதன் கடன் பத்திரத்துக்குப் பணம் திருப்பித் தர முடியவில்லை. ஐந்து நட்சத்திர விடுதியில் கூட்டம் நடத்த அதிகாரிகள் அஞ்சியதால், 2013இல் 56 விடுதிகள் தங்கள் நட்சத்திரத்தைக் குறைக்கும்படி தாங்களே கேட்டன. மக்காவ் சூதாட்டக் கூடங்களின் வருவாய் 2013இல் 36,070 கோடி படாகா (மக்காவ் நாணயம்). 2015இல் 23,080 கோடி.

இவற்றில் வேலை பார்த்த பரிமாறுபவர்கள், சமையலறைப் பணியாளர்கள், அறை துப்புரவுப் பெண்கள் எந்த லஞ்சத்திலும் பங்கு வாங்கியவர்கள் அல்லர். ஊழல் ஒழிப்பின் வெற்றிக் கணக்கில் அவர்கள் இழந்த கூலியை யாரும் எழுதுவதில்லை. அதற்காக நடவடிக்கையே கூடாது என்று நான் வாதிடவில்லை. பொதுப்பணத்தில் நடந்த விருந்தை நிறுத்தியது முற்றிலும் சரி. அந்த விருந்தை நம்பிக் கட்டப்பட்ட வேலைகள் எத்தனை, அவர்களுக்கு மாற்று என்ன என்று கேட்க ஓர் அலுவலகமாவது இருந்திருக்க வேண்டும்.

மற்ற தொழில்களுக்கு இது நல்லதா கெட்டதா? சென் லின், ராண்டால் மோர்க், பெர்னார்ட் யூங், ஷியாவ்ஃபெங் சாவ் ஆகிய ஆய்வாளர்கள், எட்டு அம்ச விதி அறிவிக்கப்பட்ட நாட்களில் சீனப் பங்குகள் எப்படி நகர்ந்தன என்று பார்த்தார்கள். மொத்தச் சந்தை ஏறியது. அரசு நிறுவனங்களின் பங்குகள் பரவலாக ஏறின. விருந்துச் செலவு மிச்சம் என்று முதலீட்டாளர்கள் எண்ணியிருக்க வேண்டும். தனியார் நிறுவனங்களில்தான் பிளவு. சந்தைச் சீர்திருத்தம் நன்கு நடந்த மாகாணங்களில் அவையும் ஏறின. சீர்திருத்தம் பின்தங்கிய, ஒவ்வொரு அனுமதிக்கும் அதிகாரியின் கையெழுத்தை எதிர்பார்த்திருந்த மாகாணங்களில் தனியார் பங்குகள் இறங்கின. அந்த இடங்களில் லஞ்சம் கொடுத்தாவது வேலை நடந்தது. லஞ்சம் நின்றால் வேலையும் நிற்கும் என்று சந்தை கணித்தது.

கணிப்பு பொய்க்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சீன அரசு அலுவலகங்களில் கோப்புகள் நகராத நோய் பரவியது. கையெழுத்துப் போட்டால்தானே பின்னால் விசாரணை வரும், போடாமல் இருந்துவிட்டால் என்ன என்ற மனநிலை. பிரதமர் லீ கச்சியாங் 2015ஆம் ஆண்டு அரசுப் பணி அறிக்கையிலேயே பதவியில் இருந்துகொண்டு வேலை செய்யாத அதிகாரிகளைக் கண்டித்தார். அனுமதி நடைமுறைகளை எளிதாக்குவதும் ஊழல்வாதியைப் பிடிப்பதும் ஒன்றாக நடக்காவிட்டால், நடுவில் நசுங்குவது எந்தத் தவறும் செய்யாத சிறு தொழில்காரர்.

இடைவெளி திரும்பி வந்தது

2015 முடிவில் மாவ்தாயின் முன்பணம் 148 கோடியிலிருந்து 826 கோடி யுவானுக்குத் தாவியது. விலை ஆயிரத்துக்குக் கீழே வந்ததும், அதுவரை எட்டாத உயரத்தில் அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கம் திருமணங்களுக்கும் குடும்ப விருந்துகளுக்கும் அதை வாங்க ஆரம்பித்தது. தொழிலதிபர்களின் விருந்து திரும்ப வந்தது. வீட்டுமனை விலை ஏற, கையில் காசு புரண்டது. வாங்கி அடுக்கி வைத்தால் லாபம் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. 2017இல் விற்பனை வருவாய் 5,822 கோடி யுவான், நிகர லாபம் 2,708 கோடி. அந்த ஆண்டு ஏப்ரலில் சந்தை மதிப்பில் டியாஜியோவைத் தாண்டி, வடித்தெடுக்கும் மது நிறுவனங்களில் உலகிலேயே மிகப் பெரியதானது. ஷுய்ஜிங்ஃபாங்கில் கையைச் சுட்டுக்கொண்ட அதே டியாஜியோ.

ஊழல் ஒழிப்பு மாவ்தாயைத் தூய்மையாக்கியது, வாடிக்கையாளர்களை மாற்றியது, இனி அது மக்களின் மது என்று அந்நாட்களில் நிறைய எழுதப்பட்டது. வாடிக்கையாளர் மாறியது உண்மை. தூய்மை வந்ததா என்று பார்க்க மறுபடி அந்த இரண்டு விலைகளிடம் போக வேண்டும். 2018 ஜனவரியில் ஆலை விலை 969 யுவான், பரிந்துரைக்கப்பட்ட சில்லறை விலை 1,499. அடுத்த ஆண்டே கடையில் 2,000த்துக்கும் மேல். 2021இல் 3,000த்தைத் தொட்டது. ஒரு புட்டிக்கு ஆயிரம், இரண்டாயிரம் யுவான் எந்த உழைப்பும் இல்லாமல் கிடைக்கும். கிடைக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு தாள் வேண்டும், டீலர் உரிமம். அந்தத் தாளில் கையெழுத்திடுபவர் நிறுவனத் தலைவர்.

2000ஆம் ஆண்டிலிருந்து தலைவராக இருந்த யுவான் ரென்குவோ 2018 மே மாதம் பதவி நீக்கப்பட்டார். ஓராண்டு கழித்துக் கட்சி அவரை வெளியேற்றியபோது, மாவ்தாய் விற்கும் உரிமத்தை அரசியல் மேலிடத்தைப் பிடிக்கவும் சொந்த லாபத்துக்கும் கருவியாக்கினார் என்று குற்றம்சாட்டியது. 2021 செப்டம்பரில் 11.29 கோடி யுவான் லஞ்சம் வாங்கியதற்காக அவருக்கு ஆயுள் தண்டனை. எட்டு அம்ச விதி வந்தபின் முதல் ஐந்து ஆண்டுகள் முழுக்க, அதன் அடியிலிருந்து நிறுவனத்தைக் காப்பாற்றிய ஆண்டுகள் முழுக்க, நாற்காலியில் இருந்தவர் அவர்தான். அவருக்கு முன்பே பொது மேலாளராக இருந்த சியாவ் ஹோங் 2007இல் கைதாகி, 2010இல் நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை பெற்றிருந்தார். ஆள் மாறினார், தண்டனை கடுமையாக இருந்தது, ஆனால் உரிமம் வழங்கும் அதிகாரமும் விலை இடைவெளியும் அப்படியே இருந்தன.

உரிமம் யார் கைக்குப் போனது என்பதற்கு வாங் ஸியாவ்குவாங் வழக்கு சாட்சி. குய்சோ மாகாணத்தின் துணை ஆளுநர். உறவினர்கள் பெயரில் மாவ்தாய் விற்பனைக் கடைகளை நடத்திக் கோடிக்கணக்கில் சம்பாதித்தார். அவர் வீட்டில் ஓர் அறை நிறைய 4,000க்கும் மேற்பட்ட மாவ்தாய்ப் புட்டிகள் இருந்தன. விசாரணை நெருங்குவதை உணர்ந்து பழைய சரக்கைச் சாக்கடையில் கொட்டிப் பார்த்தார், கொட்டி முடியவில்லை என்று சீன அரசுத் தொலைக்காட்சியின் ஊழல் ஒழிப்புத் தொடரில் 2020 ஜனவரியில் காட்டினார்கள். 2019இல் அவருக்கு 20 ஆண்டுச் சிறை. மேசையில் புட்டி வைப்பதைத் தடுக்கும் விதிக்கு இவரைப் பிடிக்கும் வழி தெரியாது. இவர் யாருடைய விருந்துக்கும் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒதுக்கீடு ஆலை விலைக்கு வந்துகொண்டிருந்தது.

உரிமத்தின் மதிப்பைக் குறைப்பது

யுவான் ரென்குவோ போனபின் நூற்றுக்கணக்கான டீலர் உரிமங்கள் ரத்தாயின. அதைவிட முக்கியமான மாற்றம் நேரடி விற்பனை. 2019இல் மாவ்தாயின் விற்பனையில் பத்தில் ஒரு பங்குகூட நேரடியாக நடக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நிறுவனம் தன் சொந்தச் செயலியைத் தொடங்கி, குலுக்கல் முறையில் பொதுமக்களுக்கே தன் சரக்கை விற்றது. அந்த ஆண்டு நேரடி விற்பனை ஏறத்தாழ 40 சதவீதமாக உயர்ந்தது. டீலர் பையில் விழுந்துகொண்டிருந்த பணத்தில் ஒரு பெரும்பகுதி நிறுவனத்தின் கணக்குக்கு, பங்குதாரர்களுக்கு, குய்சோ அரசின் கருவூலத்துக்குப் போனது. 2023 நவம்பரில் ஆலை விலையை 1,169 ஆக உயர்த்தியதும் இதே திசையில் எடுத்துவைத்த அடி. லஞ்சம் வாங்கியவரைச் சிறைக்கு அனுப்புவதோடு, லஞ்சம் கொடுத்து வாங்கும் பொருளின் மதிப்பையே குறைத்தால்தான் நிறுவனத்தின் வரவு கூடும் என்று நான் சொல்வதற்கு இந்த 40 சதவீதம்தான் ஆதாரம். பத்தாண்டு விருந்துத் தடை மாவ்தாயின் உள்ளே செய்யாததை ஒரு செயலி ஓரளவு செய்தது.

கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதம் சீன அரசு சிக்கன விதிகளைத் திருத்தி, அலுவல் விருந்துகளில் மதுவே கூடாது என்று இறுக்கியது. மறுநாள் மதுப் பங்குகள் சரிந்தன. ஜூன் மாதத்தில் ஃபெய்தியானின் மொத்த விலை 2,000 யுவானுக்குக் கீழே வந்தது. வீட்டுமனைத் தொழில் படுத்துக் கிடப்பதால், 2015இல் நடந்ததுபோல நடுத்தர வர்க்கம் கைகொடுக்குமா என்பது இந்த முறை உறுதியில்லை. அதோடு, 2012இல் 819க்கும் 2,000க்கும் நடுவே இருந்த அளவு மெத்தை இப்போது இல்லை. 2025இல் ஆலை விலை 1,169 ஆக இருந்தது. கடை விலை சரிந்தால் டீலர் கையைச் சுடும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. மாவ்தாயின் அடுத்த அறிக்கைகளைப் படிப்பவர்கள் லாப வரிக்கு முன்பாக முன்பண வரியைப் பார்க்க வேண்டும். பழைய 'வாடிக்கையாளர் முன்பணம்' இப்போது 'ஒப்பந்தப் பொறுப்பு' என்ற தலைப்பில் இருக்கும். 2013, 2014இல் லாபத்துக்கு முன்பே உண்மையைச் சொன்னது அந்த வரிதான்.